காணும்

ஜன்னலச் சாத்திரட்டுங்களா? காத்து உள்ள பூந்துச்சுன்னா நீங்க பேசறது எனக்குக் கேக்காதுங்க. நான் ரொம்பச் சத்தமாப் பேசறனா? முன் சீட்டுக்காரம்மா திரும்பித் திரும்பிப் பாக்குது. என்ன பண்றதுங்க, தறிக்காரன். பல்லடத்துக்குப் பக்கத்துல எட்டுத் தறி ஓடுது. பொறந்ததுல இருந்து அந்தச் சத்தத்துக்குள்ளயே இருந்து காது பாதி போயிருச்சு. என்ற ஊட்டுக்காரி சொல்லுவா, இந்த மனுசன்கிட்ட ஒரு ரகசியம் சொல்லோணும்னா ஊரக் கூட்டித்தான் சொல்லோணும்னு.

நீங்களும் திருச்சிதானுங்களா? பையில ஒட்டியிருக்கற சீட்டப் பாத்தா ஏர்போர்ட்டுக்குப் போறாப்புல இருக்குது. ம்? சரிங்க. நானும் கண்டக்டர்கிட்ட நீங்க டிக்கெட் வாங்குனதுல இருந்து பாக்கறேன், எதக் கேட்டாலும் ம், ம்னு ஒத்தை எழுத்துலயே முடிச்சுக்கறீங்க. பரவால்லீங்க, ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிருவேன்.

நான் ஒரு அம்மாவப் பாக்கப் போறனுங்க. கே.கே. நகர்ல இருக்காங்க. முன்னப்பின்ன பாத்ததில்ல. அவங்க பையன் மேல எனக்கு ஒரு பிராது இருக்குது. அத நேர்ல சொல்லிப்போட்டு வரலாம்னு கெளம்பிட்டேன். பையன்னா சின்னப் பையன் இல்லீங்க, என்னையவிட நாலஞ்சு வயசு எளையவரு, அவ்வளவுதான். நாப்பத்தஞ்சு தாண்டுன ஆளப் பத்தி அவங்கம்மாகிட்ட கோள் சொல்லப் போறீங்களான்னு ஊட்ல சிரிக்கறா. சிரிச்சாச் சிரிக்கட்டும். ஒரு மனுசன் சொல்லாமக் கொள்ளாம ஒறவ அத்துட்டுப் போனா, ஏன்னு கேக்கறதுக்கு ஒரு எடம் வேணுமில்லீங்களா?

சண்டையெல்லாம் இல்லீங்க. வெளையாட்டு. கம்ப்யூட்டர்ல ஆடற நீர்மூழ்கிக் கப்பல் வெளையாட்டு. அதுல நான்தான் கேப்டன். சிரிக்காதீங்க! கடல நான் பாத்ததே ரெண்டு தடவதான், அப்பனுக்கும் அம்மாளுக்கும் திதி குடுக்க ராமேசுவரம் போனப்ப. முழங்கால் தண்ணிக்கு மேல எறங்கல. கொரோனா சமயத்துல புள்ள படிப்புக்குன்னு வாங்குன பொட்டி. புள்ள காலேஜுக்குப் போனதுக்கப்பறம் சும்மா கெடந்துச்சு. என்ற மச்சினன் பூபதி திருப்பூர்ல இருக்கறான், அவந்தான் வந்து இத ஏத்திக் குடுத்தான். ஞாயித்துக்கெழம மத்தியானம் கறிச்சோறு தின்னுபோட்டு உக்காந்தம்னா பொழுது எறங்கற வரைக்கும் கடலுக்கடியிலதான்.

ஒரே கப்பலுக்குள்ள மூணு பேருங்க. ஆளுக்கொரு ஊர்ல உக்காந்துட்டு, காதுல ஹெட்போன மாட்டிட்டு, பேசிப் பேசி ஓட்டோணும். நான் கேப்டன். பூபதி டார்பிடோ, அதுதானுங்க தண்ணிக்குள்ளயே போயி கப்பல ஒடைக்கற குண்டு. மூணாவது ஆளு தயாபரன். அவருதான் கப்பலோட காது. தண்ணிக்கடியில எந்தக் கப்பல் எங்க போகுதுன்னு கேக்கறதுக்கு ஒரு மிசின் இருக்குது, அவரு அதுல உக்காந்திருப்பாரு.

யாழ்ப்பாணத்துக்காரருங்க. நார்வேல மீன் கம்பெனியில வேல. பூபதிக்கு இந்த வெளையாட்டுலதான் பழக்கம். மொதல்ல அவரு பேசறது எங்களுக்குப் பாதி வெளங்காது. அப்பறம் பழகிருச்சு. ஓம்னா ஆமா. கதைக்கறதுன்னா பேசறது. வெளிக்கிடறதுன்னா கெளம்பறது. ஆக்கள்னா ஆளுங்க. சும்மா பேசிட்டிருக்கலாம்னு நாங்க 'சித்த பழம பேசலாம் வாங்க'ன்னு கூப்பிட்டா, பழைய கதை ஏதோ கேக்கறம்னு அவரு கொஞ்ச நாள் நெனச்சுட்டு இருந்தாரு! ஒரு வருசத்துல அவரு பேச்சு எனக்கு அத்துப்படி. பூபதிக்கு வெளங்காததையும் நாந்தான் எடுத்துச் சொல்லுவேன்.

அந்த மிசின்ல எனக்கு ஒரே இரைச்சல்தான் கேக்கும், எட்டுத் தறியும் ஒட்டுக்கா ஓடறாப்புல. அதுக்குள்ள இருந்து அவரு பிரிச்சுச் சொல்லுவாரு. 'அண்ணை, வலப்பக்கம் ஒண்டு வருது. பெரிசு. நிறையச் சரக்கு ஏத்தியிருக்கு, மெதுவாத்தான் வருது'ம்பாரு. தப்புனதே இல்லீங்க. ஒருக்கா கேட்டேன், ஏனுங்க தயா, இந்தக் காது எங்க வாங்குனதுன்னு. அவரு சொன்னாரு, 'சின்ன வயசில போட்ல இந்தியாவுக்கு வரேக்க பழகினது அண்ணை. மூட்டமா இருந்தா எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, ஒருத்தரும் மூச்சு விடாமல், நேவியின்ர பெரிய போட் ஏதும் வருதோ எண்டு காது குடுத்துக்கொண்டு இருப்பம். அம்மா, நான், தங்கச்சி, மூண்டு பேர் வெளிக்கிட்டம். ரெண்டு பேர் வந்து சேந்தம்'னு. தங்கச்சி அடுத்த படகுல வந்துருக்குமாட்ட இருக்குதுன்னு நான் நெனச்சுக்கிட்டேன். நல்ல டிரெயினிங்குதான் போங்க தயான்னேன்.

பாசமான மனுசனுங்க. போன வருசம் திருச்சியில இருக்கற அவங்கம்மாவுக்கு நம்ம ஊர்ப் போர்வ வேணும்னாரு. நானே நல்லதாப் பாத்து ரெண்டு எடுத்து அனுப்பி வச்சேன். அப்படித்தான் விலாசம் தெரியும். இந்தா, இப்பவும் பையில ஒண்ணு கொண்டு போறேன். பிராது சொல்லப் போனாலும் வெறுங்கையோடவா போறது?

எங்களுக்குள்ள தகராறே வந்ததில்ல. ஒரே ஒரு தடவ, அதுவும் சிரிப்புக்குத்தான். கப்பல ஆழத்துக்கு எறக்கிட்டு இருக்கேன், இவரு 'காணும், காணும்'ங்கறாரு. தேடிட்டு வந்த எதிரிக் கப்பல் சத்தம் காணோம்ங்கறாரு, தொலஞ்சான் கழுதன்னு நான் இன்னும் எறக்குனேன். போயி அடித்தரையில மோதி நசுங்கிப் போச்சு. 'நான் சொன்னனான் எல்லோ அண்ணை'ன்னாரு. என்னத்தச் சொன்னீங்க, காணோம்னுதானே சொன்னீங்கன்னேன். 'ஓமண்ணை, காணும் எண்டுதான் சொன்னனான்'னாரு. பூபதியும் நானும் அன்னைக்குப் பூராவும் அவர ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுனோம். அவரும் சிரிச்சாரு.

ம். இனித்தான் வெவகாரமே.

போன ஐப்பசியில ஒரு ஞாயித்துக்கெழம. அன்னைக்கு வெளையாட்டுல வந்தது பனிமூட்டம். நம்ம பக்கத்துக் கடலெல்லாம் இல்லீங்க, வடக்கால எங்கயோ பெருங்கடல். பெரிஸ்கோப்ப மேல தூக்குனா, மூஞ்சி மேல வெள்ள வேட்டியப் போத்துனாப்புல இருக்குது. மத்தவங்கெல்லாம் மூட்டம்னா திரும்பிப் போயிருவாங்க. நமக்கு அதுதான் நோம்பி, பண்டிகையாட்ட. ஏன்னா, நமக்குத் தெரியலைன்னா அவனுக்கும் தெரியாது. அவனுக்குக் கண்ணு இல்ல, நமக்கு தயா இருக்காரு.

அதுக்குன்னு ஒரு மொற இருக்குதுங்க. கப்பல முழுக்கி, எஞ்சினை நிறுத்திரோணும். பேச்சும் கொறையோணும். சத்தம் எந்தத் தெசையில கேக்குதுன்னு தயா சொல்லுவாரு, நான் படத்துல ஒரு கோடு போட்டுக்குவேன். சித்த நேரம் கழிச்சு மறுக்காக் கேப்பேன், இன்னொரு கோடு. தெச மாறிட்டே போச்சுன்னா அவன் நம்மளத் தாண்டிப் போறான். தெச மாறாம சத்தம் மட்டும் பெருசாச்சுன்னா, நேரா நம்ம மேலதான் வர்றான். அவன் வர்ற வழிக்கு முன்னாடி போயி, குறுக்கால படுத்துட்டு, மூச்சக் காட்டாமக் காத்திருக்கோணும். மூக்குக்கு நேரா வந்தான்னா, விடு மூணு குண்ட, விரிச்சு. கண்ணால பாக்கறதே இல்லீங்க. பூராவும் காதுதான்.

அன்னைக்கு ஒரு கப்பல் தனியா வந்துச்சு. கூட்டமாப் போன கப்பலுகளுக்குப் பின்னால, தூரமா. தயா சொன்னாரு, 'அண்ணை, இது ஒரு மாதிரிப் போகுது. நிண்டு நிண்டு போகுது'ன்னு. எஞ்சின் கோளாறாட்ட இருக்குது, நமக்கு அதிர்ஷ்டம்னேன். அவரு மறுக்காக் காது குடுத்துக் கேட்டுட்டு, 'கோளாறில்லை அண்ணை. முன்னால அடிபட்ட கப்பலின்ர ஆக்கள் தண்ணிக்குள்ள இருக்கினம் போல. இவங்கள் நிண்டு நிண்டு ஆக்களை ஏத்துறாங்கள்'னாரு. ஏத்தட்டும் தயா, நின்னா நமக்குத்தான் வசதின்னேன். கேப்டன்னா அப்படித்தானுங்க யோசிக்கோணும். அங்க போயி பாவ புண்ணியம் பாத்துட்டு இருந்தா ஆட்டம் ஆட முடியுமா?

குறுக்கால போயிப் படுத்தோம். பூபதி ரெடி. நான் தயாகிட்ட, எங்க இருக்கறான், தெசையச் சொல்லுங்கன்னேன். அப்பத்தான் அவரு, 'காணும் அண்ணை'ன்னாரு.

காணோமா? ஒரு நிமிசம் எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. இவ்வளவு பக்கத்துல வந்துட்டு சத்தம் காணோம்னா? 'காணும் அண்ணை, காணும்'னு மறுக்காச் சொல்றாரு. குரலு வேற ஒரு மாதிரி. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. சத்தம் காணோம்னா எஞ்சின் ஓடல. எஞ்சின் ஓடலைன்னா கப்பல் நின்னுருச்சு! கடைசியாக் கோடு போட்ட எடத்துலயே நிக்குது! இத விட ஒரு கேப்டனுக்கு என்ன வேணும்? 'சரி தயா, சரி, சரி'ன்னேன். அவரு 'அப்பாடா'ன்னு மூச்சு விட்டாரு, அது எனக்கே கேட்டுச்சு. பூபதி, விட்றான்னேன்.

மூணுல ரெண்டு பட்டுச்சுங்க. கண்ணக் கட்டிட்டு அடிச்ச அடி! பூபதி அங்க குதிக்கறான், நான் இங்க குதிக்கறேன். ஆனா மூட்டத்துல கப்பல் முழுகறது கண்ணுக்குத் தெரியாதில்லீங்களா? முழுசாப் போச்சான்னு காதுலதான் கேட்டுச் சொல்லோணும். அதனால, தயா, ஹெட்போனக் கழட்டிராதீங்க, அது அடி சேர்ற வரைக்கும் கேட்டுச் சொல்லுங்கன்னேன். கப்பல் கீழ போறப்ப இரும்பு நொறுங்கற சத்தம், காத்து போற சத்தம், எல்லாமே அந்த மிசின்ல கேக்கும். நல்லாப் பண்ணி வச்சிருக்கான். அவரு கேட்டுட்டே இருந்தாரு. ஒருபாடு நேரங்கழிச்சு, மெதுவா, 'காணும்'னாரு. ஒண்ணுமே காணோமா? அப்ப முழுகிருச்சுடான்னு கத்துனேன். அதுக்கப்பறம் அவரு மைக்குல என்னமோ கேட்டுச்சு. சிரிக்கறாருன்னுதான் நெனச்சேன். என்ற காது அவ்வளவுதானே.

ஆட்டம் முடிஞ்சதும் பாத்தா மார்க்கக் கழிச்சு வச்சிருக்குதுங்க! அது சண்டைக் கப்பல் இல்லியாம், தண்ணியில விழுந்தவங்கள எடுக்கற கப்பலாம். எனக்குக் கோவம் வருமா, வராதா? ஒழுங்காக் கேட்டுச் சொல்லாம காணோம் காணோம்னு கொழப்பி விட்டது யாரு? அதத்தான் அவருகிட்டச் சொல்லலாம்னு கூப்பிட்டேன். ஆளு இல்ல. அடுத்த ஞாயிறும் இல்ல. பேருக்குப் பக்கத்துல எரியற பச்ச வெளக்கு அணஞ்சது அணஞ்சதுதான். 'வெளையாட்டுத்தானே தயா, இதுக்குப் போயி'ன்னு எழுதிப் போட்டேன். பாத்துட்டாருன்னு காட்டுச்சு. பதில் இல்ல. ஃபோன் பண்ணாலும் எடுக்கல. பூபதி சொல்றான், விடுங்க மாமா, வேற ஆளப் புடிக்கலாம்னு.

ஆளு கெடைக்காமயாங்க? அதில்லீங்க பிரச்சன.

எப்படிச் சொல்றது. தறி ஓடிட்டு இருக்கறப்ப கரண்டு போச்சுன்னா, எட்டுத் தறியும் ஒட்டுக்கா நிக்கும். அப்ப ஒரு அமைதி வரும். முன்னெல்லாம் எனக்கு அது சொகமா இருக்கும், கண்ண மூடி ஒரு பீடி குடிப்பேன். இப்ப அந்த அமைதிக்குள்ள அவரு குரலு கேக்குது. 'காணும் அண்ணை, காணும்.' பக்கத்துல நின்னு சொல்றாப்புல. பயமா இருக்குதுங்க, மறைக்கறதுக்கு என்ன இருக்குது. சரி, கரண்டு வந்தாப் போயிரும்னு பாத்தா, தறியே அதத்தான் சொல்லுது. நாடா அந்தப் பக்கம் போறப்ப ஒரு காணும், இந்தப் பக்கம் வர்றப்ப ஒரு காணும். காது டாக்டரு, நரம்பு தேஞ்சா அப்படித்தான் இரையும்ங்கறாரு. ஊட்ல கூட்டிட்டுப் போயி மந்திரிச்சுக் கயிறு கட்டி உட்டுருக்கா, இந்தா பாருங்க. ஒண்ணுக்கும் கேக்கல. என்னத்தக் காணோம், என்னத்தக் காணோம்னு நானும் திருப்பிக் கேக்கறேன்.

அதுதான் அவங்கம்மாவப் பாத்து, உங்க பையன் என்னத்தத் தொலச்சாருன்னு கேட்டுப் போடலாம்னு கெளம்பிட்டேன். என்ற மேல தப்பில்லைன்னு அவங்க ஒரு வார்த்த சொல்லிட்டாக்கூடப் போதும். தூங்கிருவேன்.

கரூர் வந்துருச்சு பாருங்க. இருங்க, எறங்கிட்டு ஏறிர்றேன்.

இந்தாங்க, சுடச்சுட வேக வச்ச கடல. அட, கையக் காட்டுங்க. இவ்வளவு நேரம் என்ற புலம்பலக் கேட்டதுக்கு இதாவது தின்னுங்க. நல்லா ரெண்டு கையும் சேத்துப் புடிங்க, கீழ சிந்துது பாருங்க...

என்னங்க?

என்னத்தக் காணோம்? பர்ஸா? ஐயோ, பஸ் ஸ்டாண்டுல சூதானமா இருக்கோணுமுங்க. கால சித்தத் தூக்குங்க, சீட்டுக்கடியில பாக்கறேன். பைக்குள்ள நல்லாப் பாத்தீங்களா? கண்டக்டர், வண்டிய எடுத்துராதீங்க, இவரு என்னமோ...

ம்? ஒண்ணும் தொலையலியா? அப்ப எதுக்குங்க காணும்னீங்க?

இன்னொருக்காச் சொல்லுங்க. இந்தக் காதுல சொல்லுங்க.

போதும்.

கடல போதும்னு சொன்னீங்க. காணும்னா உங்கூர்ல போதும்னு அர்த்தம். நீங்க எந்தூருங்க? யாழ்ப்பாணத்துக்குப் பக்கமா. அப்ப பல்லடத்துல இருந்து நீங்க எனக்கு ம், ம்னு சொன்னதெல்லாம்... ஓம், ஓமா?

இருங்க. சித்த இருங்க.

அன்னைக்கு ஆழத்துல அவரு சொன்னது, எறக்குனது போதும்னு. நாங்கதான் ஓட்டி ஓட்டிச் சிரிச்சோம்.

அப்ப மூட்டத்துல... தெசையச் சொல்லுங்கன்னு கேட்டேன். அவரு போதும் அண்ணைன்னாரு. போதும் அண்ணை, போதும்னாரு. நான் சரின்னேன். சரி தயா, சரி, சரின்னேன். நிறுத்திட்டேன்னுதானேங்க அவரு நெனச்சிருப்பாரு? அதுக்குத்தானே அப்பாடான்னு மூச்சு விட்டாரு? நான் அந்த மூச்சக் கேட்டேன். இந்தப் பாழாப்போன காதுக்கு அது கேட்டுச்சு. கேட்டுட்டுத்தானே விட்றான்னேன்.

அப்பறமும் அவரக் கழட்ட உடல. அடி சேர்ற வரைக்கும் கேளுங்கன்னு உக்காத்தி வச்சேன். அவரு போதும்னாரு. நான் முழுகிருச்சுடான்னு கத்துனேன்.

மூணு பேரு கெளம்பி ரெண்டு பேரு வந்தாங்களாமுங்க. தங்கச்சி அடுத்த படகுல வந்துருக்கும்னு நெனச்சேன். அடுத்த படகு. மூட்டத்துக்குள்ள ஏதுங்க அடுத்த படகு?

என்னங்க சொல்றீங்க? வார்த்த வெளங்காமப் போனதுக்கு நான் என்ன பண்ணுவேன்னா? அப்படிச் சொல்லிக்கலாமுங்க. அந்தம்மாகிட்டயும் அப்படியே சொல்லிரலாம். ஆனா ஆக்களை ஏத்துறாங்கள்னு சொன்னாரில்லீங்களா? அது எனக்கு நல்லா வெளங்குச்சு. ஆக்கள்னா ஆளுங்க. அத பூபதிக்கு நாந்தான் அர்த்தம் சொன்னேன்.

குளித்தல தாண்டிருச்சு. காவேரி அந்தா தெரியுது பாருங்க, தண்ணி கொறஞ்சு கெடக்குது. திருச்சி வந்துருமுங்க. அந்தம்மா கதவத் தொறப்பாங்க. போர்வ அனுப்புன தம்பியான்னு கேட்டு உள்ள கூப்பிட்டு, கட்டாயம் சோறு போடுவாங்க. போட்டுட்டு, காணுமா தம்பின்னு கேப்பாங்க. கேப்பாங்கதானேங்க, உங்கூர்ல? அவங்க மொகத்தப் பாத்து நான் என்னன்னு பதில் சொல்றது?

இல்லீங்க, கடல வேண்டாம். நீங்க வச்சுக்குங்க.

ம்? எனக்குச் சரியாக் கேக்கல... வெளையாட்டுத்தானேங்கறீங்களா? அதப் போயி மனசுல வச்சுக்காதீங்கங்கறீங்களா?

ஆமாங்க. நானும் அவருக்கு அப்படித்தான் எழுதிப் போட்டேன். ஆறுதலுக்குத்தான் சொல்றீங்க, தெரியுது. ஆனா...

காணுமுங்க. காணும்.